கண்ணை மூடிக் கேட்ட கரிச்சான்

ஆற்றங்கரை மருத மரத்தின் உச்சிக் கிளையில் மூக்காண்டி என்ற குரங்கு காவல் இருந்தான். மரத்தடியில் புள்ளிமான் கூட்டம் மேய்ந்தது. மான்களின் காலடியிலிருந்து தெறித்துக் கிளம்பும் வெட்டுக்கிளிகளை வெள்ளையன் என்ற கரிச்சான் குருவி பிடித்துத் தின்றான். உடம்பெல்லாம் அடுப்புக்கரி நிறம், பெயர் மட்டும் வெள்ளையன். அவனைப் பெற்றவர்களுக்குக் கண் சரியாகத் தெரியாதோ, பிள்ளைப் பாசம் அதிகமோ, யாருக்குத் தெரியும்?

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. சிறுத்தையின் பெயரை யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அது எதிரே வந்து நிற்கும் என்று பயம். அதனால் எல்லோரும் சிறுத்தையை "அது" என்றுதான் சொல்வார்கள். அத்திப்பழத்தையும் "அது" என்பார்கள். பன்றிக் கூட்டத்தையும் "அது" என்பார்கள். மூக்காண்டி வீட்டில் சண்டை நடந்தால் அதையும் "அது" என்பார்கள்.

இருந்தும் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. மூக்காண்டி "அது வருது" என்று குரல் கொடுத்தால் மான்கள் தலையைத் தூக்கி அவனைப் பார்க்கும். முகம் மலைப்பக்கம் திரும்பி வால் விறைத்து நின்றால், ஓட்டம் பிடிக்கும். பார்வை அத்திமரத்தின் மேல் இருந்தால், மெல்ல நடந்து சாப்பிடப் போகும். மூக்காண்டி சோம்பேறி. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் அவனுக்குக் கொட்டாவி வந்துவிடும். மான்கள் அவன் முகத்தையும் கையையும் பார்த்து மிச்சத்தைப் புரிந்துகொண்டு பிழைத்து வந்தன.

அந்தக் கூட்டத்தில் இந்தக் காவலை மலைபோல் நம்பியிருந்தவள் பேச்சி என்ற பெண்மான். அவளுடைய குட்டி கொழுந்துக்குப் பின்னங்கால் ஒன்று பாறை இடுக்கில் சிக்கி முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. மற்றக் குட்டிகள் பத்துத் தாவல் தாவும் நேரத்தில் அவன் மூன்று தாவுவான். செய்தி கொஞ்சம் முன்னால் வந்தால் கொழுந்து பிழைப்பான். பிந்தினால் பிழைக்க மாட்டான். பேச்சிக்கு இது நன்றாகத் தெரியும். அவள் புல்லை மென்றாலும் காது என்னவோ மரத்தின் மேல்தான் இருக்கும்.

அந்த வருஷம் கோடை மழை ஒரு வேடிக்கை செய்தது. ஆற்றுக்கு அக்கரையில் மட்டும் கொட்டிவிட்டு, இக்கரையில் ஒரு சொட்டுக்கூடப் போடாமல் போய்விட்டது. அக்கரையில் பச்சைப் பசேலென்று புல் முளைத்தது. இக்கரையில் மான்கள் மண்ணை முகர்ந்துகொண்டு நின்றன.

"அக்கரைக்குப் போயிருவோம்" என்றார் கொம்பையா. கூட்டத்தில் மூத்த கலைமான் அவர்தான். கொம்பு பெரிது, கோபமும் பெரிது.

"அங்க போனா மூக்காண்டி அண்ணன் நம்ம கண்ணுக்குத் தெரிய மாட்டாரே" என்றாள் பேச்சி.

அவள் சொன்னது நிஜம். அக்கரையில் ஆற்றை ஒட்டி ஒரு பெரிய மூங்கில் புதர். புல்வெளி அதற்குப் பின்னால் இருந்தது. புதருக்கு ஆற்றுப் பக்கம் நடப்பதெல்லாம் மூக்காண்டிக்குத் தெரியும். புதருக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. கத்திச் சொல்லலாம் என்றால், பாறைகளில் விழுந்து ஓடும் தண்ணீரின் இரைச்சல் குரலை விழுங்கிவிடும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த வெள்ளையன் பேச்சியின் பக்கம் பறந்து வந்தான். மான்கள் அக்கரைக்குப் போகாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். வேறு காட்டுக்குப் போய்விட்டால் அவனுடைய வெட்டுக்கிளிகளும் அவற்றோடு போய்விடும்.

"மதினி, நான் எதுக்கு இருக்கேன்?" என்றான். "மூக்காண்டி அண்ணாச்சி சொல்லுததைக் கேட்டு, பறந்து வந்து உங்ககிட்ட சொல்லுதேன். ஒரு வார்த்தை கூடாது, ஒரு வார்த்தை குறையாது."

வீண் பெருமை இல்லை. அவனுக்கு அப்படி ஒரு ஞாபகம். ஒரு தடவை கேட்டால் போதும், பிசகாமல் ஒப்பிப்பான். அதற்கு ஒரு முறையும் வைத்திருந்தான். யாராவது பேசத் தொடங்கியதும் கண்களை இறுக மூடிக்கொள்வான். கண் திறந்திருந்தால் பூச்சி பறப்பது தெரியும், புத்தி அதன் பின்னால் போய்விடும், வார்த்தை சிந்திவிடும் என்பது அவன் கணக்கு.

மான்கள் அக்கரைக்குப் போயின. வெள்ளையன் தூதனானான்.

முதல் இரண்டு நாள் செய்தி எதுவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் மூக்காண்டி வெள்ளையனைக் கூப்பிட்டான். வெள்ளையன் வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். மூக்காண்டி சொன்னான். வெள்ளையன் சிட்டாகப் பறந்து வந்து, மூங்கில் புதரின் உயரமான கழி ஒன்றில் அமர்ந்தான். புல்வெளி முழுவதும் தெரியும் இடம் அது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பித்தான்.

"அது விழுந்து கெடக்கு. சீக்கிரமா வாங்க. இல்லாட்டி அவனுக தின்னு தீத்துருவானுக."

மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கொம்பையா முன்னங்கால்களைத் தூக்கி ஒரு குதி குதித்தார்.

"அது விழுந்துட்டுதாம்! குழியில விழுந்திருக்கும். இல்லாட்டி பாறையிலேருந்து விழுந்திருக்கும். நமக்கு நல்ல காலம் பொறந்தாச்சு!"

மான்கள் துள்ளத் தொடங்கின. பேச்சி மட்டும் துள்ளவில்லை. கொஞ்ச நேரம் அசைபோட்டுவிட்டுக் கேட்டாள்.

"அதைத் தின்னு தீக்கிற ஆளு இந்தக் காட்டுல யாரு?"

கொம்பையா குதிப்பதை நிறுத்தினார்.

"விழுகிறது, தின்னுறது, பிந்தினா தீர்ந்து போறது" என்றாள் பேச்சி. "இது வைகாசி மாசம். அவரு மரத்துக்குப் பக்கத்துல அத்தி நிக்குது. மூக்காண்டி அண்ணன் 'அவனுக'ன்னு எரிச்சலாச் சொல்லுதது எப்பவும் பன்றிகளைத்தான். அத்திப்பழம் விழுந்து கெடக்கு, பன்றி வாரதுக்குள்ள வாங்கங்காரு. அவ்வளவுதான்."

மான்கள் ஆற்றின் மேல்பக்கம் ஆழமில்லாத மேல்துறை வழியாக ஆற்றைக் கடந்து போய்ப் பார்த்தன. மரத்தடி முழுக்கப் பழம். வயிறு முட்டத் தின்றுவிட்டுத் திரும்பின.

கொம்பையாவுக்கு மட்டும் பழம் இனிக்கவில்லை. இல்லாத சாவுக்கு எல்லோர் முன்னாலும் கூத்தாடியதில் அவருக்கு மானம் போயிருந்தது. வெள்ளையனுக்கும் முகம் சுருங்கிப் போயிற்று.

"மதினி, நான் அத்தின்னு சொல்லவே இல்லையே. பன்றின்னும் சொல்லலையே."

"நீ சொல்லல தம்பி. நாங்களாப் புரிஞ்சுக்கிட்டோம்."

"அப்ப எம் வார்த்தையில என்ன குறை?"

"குறையே இல்ல. ஆனா அடுத்த தடவ, அவரு சொல்லும்போது எங்க பாக்காரு, கையில என்ன வச்சிருக்காருன்னு ஒரு கண்ணு பாத்துட்டு வா."

வெள்ளையனுக்குச் சுருக்கென்றது. ஒரு சொல் குறையாமல் கொண்டுவந்தவனை, வேடிக்கை பார்த்துவிட்டு வா என்கிறாளே! "அண்ணாச்சி கையில என்ன இருந்தா எனக்கென்ன? நான் தூதன். வார்த்தையைத்தான் கொண்டாருவேன்" என்று இறகைச் சிலிர்த்துக்கொண்டான்.

கொம்பையா அவன் பக்கம் பேசினார். "பறவை சொல்லுததுதான் சரி. இனிமே யாரும் கேள்வி கேக்கக் கூடாது. இது எதுவா இருக்கும், அது எங்க இருக்கும்னு நின்னு யோசிச்சா, அதுக்குள்ள அது வந்து கழுத்தைக் கவ்விரும். இவன் என்ன சொல்லுதானோ அதை அப்படியே செய்யுங்க."

ஆபத்து நேரத்தில் நின்று யோசிக்கக் கூடாது என்பது மான்களுக்கு நியாயமாகப் பட்டது. பேச்சிக்கும், கொழுந்தின் காலை நினைத்தபோது, மறுத்துப் பேச வாய் வரவில்லை.

நாலு நாள் போயிற்று. ஒரு நாள் வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். மூக்காண்டி கிளையில் சாய்ந்து வாலைத் தொங்கவிட்டிருந்தான். ஆற்றோரம் மஞ்சளாக ஏதோ அசைந்தது. நிமிர்ந்து பார்த்தான். சிறுத்தை! வயிறு மண்ணில் உரசப் பதுங்கிப் பதுங்கி வந்து, மூங்கில் புதருக்குள் நுழைந்து, அப்படியே படுத்துக்கொண்டது. புதருக்கு அந்தப் பக்கம் மான்கள் மேய்கின்றன.

மூக்காண்டிக்குச் சோம்பல் பறந்தது. அலறிக் கூப்பிட்டான். வெள்ளையன் பறந்து வந்தான், கண்ணை மூடிக்கொண்டான்.

மூக்காண்டி ஒரு கையால் புதரைக் காட்டினான். "அது அதுக்குள்ள புகுந்து படுத்திருக்கு." கையை வீசி மறுபடியும் புதரைக் காட்டினான். "யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க." மருத மரத்தின் அடியைச் சுட்டிக் காட்டினான். "எல்லாரும் இங்க வந்திருங்க, எனக்குக் கீழ. மேல்துறை வழியா வாங்கன்னு சொல்லவா வேணும், அது அவங்களுக்கே தெரியும். போ, போ!"

வெள்ளையன் கண்ணைத் திறந்தான். அண்ணாச்சியின் குரல் நடுங்கியதை அவனும் கவனித்தான். ஆனால் நடுக்கம் வார்த்தை இல்லையே. அதை எப்படிக் கொண்டுபோவது? கடைசியில் மேல்துறையைப் பற்றிச் சொன்னது தன்னிடம் சொன்னது, மான்களுக்கு இல்லை என்று முறையாகக் கழித்தும் விட்டான். வார்த்தைகளை மட்டும் அலகுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு பறந்தான்.

எங்கே போய் உட்கார்ந்தான்? வழக்கமான இடத்தில்தான். மூங்கில் புதரின் உயரமான கழியில்.

மலையைப் பார்த்தபடி உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, கணீரென்று ஒப்பித்தான்.

"அது அதுக்குள்ள புகுந்து படுத்திருக்கு. யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க. எல்லாரும் இங்க வந்திருங்க, எனக்குக் கீழ."

ஒரு வார்த்தை கூடவில்லை. ஒரு வார்த்தை குறையவில்லை. அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக எதையும் சொன்னதில்லை.

மான்கள் அவன் பார்த்த திசையைப் பார்த்தன. மலைச்சரிவில் உயரமான இடத்தில் ஒரு குகை இருந்தது. "குகைக்குள்ள படுத்திருக்காம்!" என்றார் கொம்பையா. "மலைப்பக்கம் யாரும் போகாதீங்க. மூங்கிலுக்கு நடங்க, கரிச்சானுக்குக் கீழ. கொழுந்து முன்னால போகட்டும், அவனுக்குத்தான் நேரம் வேணும்."

நொண்டிக் குட்டியை முதலில் அனுப்புவது அந்தக் கூட்டத்தின் நல்ல குணம். கொழுந்து தத்தித் தத்தி முன்னால் நடந்தான். பேச்சி அவன் பின்னால் நடந்தாள். மற்ற மான்கள் அவர்களுக்குப் பின்னால் வந்தன.

புதருக்குள் படுத்திருந்த சிறுத்தைக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. மத்தியானம் வரை காத்திருக்க வேண்டும் என்று நினைத்து வந்தது. இங்கே ஒரு பறவை மேலே உட்கார்ந்து, விருந்தையே பேர் சொல்லாத குறையாகக் கூப்பிட்டு அனுப்புகிறது! அது மூச்சை அடக்கிக்கொண்டு நகங்களை மண்ணில் ஊன்றியது.

கொழுந்துக்கும் புதருக்கும் இடையே இன்னும் இருபது தப்படிதான். பேச்சியின் மனசுக்குள் ஏதோ முள்ளாகக் குத்தியது. அத்திப்பழம் அன்று தெளிவானது எப்படி? யார் சொன்னார், எங்கே இருந்து சொன்னார் என்று யோசித்ததால்தானே? கேள்வி கேட்கக் கூடாது என்று கொம்பையா சொன்னது ஞாபகம் வந்தது. திட்டு வந்தால் வரட்டும் என்று கேட்டுவிட்டாள்.

"தம்பி, இதைச் சொன்னது யாரு?"

"அண்ணாச்சிதான் மதினி. அப்படியே சொல்லிருக்கேன்."

"அவரு எங்க இருந்து சொன்னாரு?"

"மருத மரத்துல இருந்துதான்."

"அப்ப 'எனக்குக் கீழ'ன்னா யாருக்குக் கீழ? அவருக்குக் கீழயா, உனக்குக் கீழயா?"

வெள்ளையன் மருத மரத்தைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருஷம் எத்தனையோ பேச்சைக் கேட்டு ஒப்பித்திருக்கிறான். இந்த ஒரு கேள்வி அவனுக்குத் தோன்றியதே இல்லை. அண்ணாச்சிக்குக் கீழே என்றால் மருத மரத்தடி. தனக்குக் கீழே என்றால்... தனக்குக் கீழே என்ன இருக்கிறது?

குனிந்து பார்த்தான்.

மூங்கில் சருகுக்குள் வட்டவட்டமாகப் புள்ளிகள். அவற்றுக்கு முன்னால் இரண்டு மஞ்சள் கண்கள். அவை கொழுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

 சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும். ஆனால் அவன் தொண்டை நிறைய இருந்ததெல்லாம் அடுத்தவர் வார்த்தைகள். "அது" என்று கத்தினால் எது என்று கேட்பார்கள். "அங்க" என்றால் எங்கே என்று பார்ப்பார்கள். கொழுந்து இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தான்.

"சிறுத்தை!" என்று கத்தினான் வெள்ளையன். "மூங்கிலுக்குள்ள சிறுத்தை! ஓடு கொழுந்து, மேல்துறைக்கு ஓடு!"

அந்தக் காட்டில் அந்தப் பெயரை உரக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மான்களுக்கு ரத்தம் உறைந்தது, ஆனால் கால்கள் உறையவில்லை. கூட்டம் சிதறி ஓடியது. பேச்சி தலையால் முட்டி மகனைத் திருப்பிவிட்டாள். சிறுத்தை புதரைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. அதே நேரம் வெள்ளையன் கல் விழுவதுபோல் கீழே விழுந்து அதன் இரண்டு கண்களுக்கும் நடுவில் கொத்தினான். சிறுத்தை தலையை உதறியது. அந்த ஒரு உதறலில் பாய்ச்சல் பிசகி, நகம் கொழுந்தின் வால் முடியைத் தொட்டுவிட்டு மண்ணைப் பறித்தது.

கொழுந்து தத்திக்கொண்டே மேல்துறையில் இறங்கிவிட்டான். இக்கரையில் மூக்காண்டியின் குரங்குக் கூட்டம் முழுவதும் கிளைகளை உலுக்கிக் கூச்சல் போட்டது. எல்லோரும் பார்த்துவிட்ட பிறகு பதுங்கி என்ன பயன்? சிறுத்தை தனக்கு இங்கே வேலையே இல்லை என்பதுபோல் காதை ஆட்டிக்கொண்டு மலைப்பக்கம் நடந்து போயிற்று.

மருத மரத்தடியில் மான்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. முதலில் வாய் திறந்தவர் கொம்பையா.

"பேரைச் சொல்லிட்டானே, பாவி! இனி அது வந்துகிட்டேல்லா இருக்கும்!"

"பேரைச் சொன்னதுக்கு அப்புறமா அது வந்துச்சு? வந்து படுத்ததுக்கு அப்புறமில்ல அவன் சொன்னான்" என்றாள் பேச்சி. கொம்பையா தன் குளம்பைப் பார்க்கத் தொடங்கினார்.

பிறகு பேச்சி வெள்ளையனைப் பார்த்துத் திரும்பினாள். 

"தம்பி, நீ ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லல. ஒண்ணைக்கூட மாத்திச் சொல்லல. ஆனா எம் புள்ளைய நேரா அதோட வாய்க்குள்ளயே நடத்திக் கூட்டிட்டுப் போகப் பாத்தியே."

 அவள் திட்டியிருந்தால்கூட வெள்ளையன் தாங்கியிருப்பான். கிளைக்குப் பறந்து போய் மூக்காண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

"நான் புதரைக் கையைக் காட்டித்தானேடே சொன்னேன்?" என்றான் மூக்காண்டி.

"கண்ணை மூடியிருந்தேன் அண்ணாச்சி."

 மூக்காண்டி தலையைச் சொறிந்துகொண்டான். "நீ கண்ணைத் தொறந்திருந்தாலும் அவங்களுக்கு என் கை தெரியாதுல்லா? எதுத்தாப்புல நிக்கவங்ககிட்டச் சொல்லுத மாதிரியே நானும் சொல்லிட்டேன். எம் மேலயும் தப்பு இருக்கு. சிறுத்தை மூங்கிலுக்குள்ளன்னு ரெண்டே வார்த்தை. அதுக்குச் சோம்பல்பட்டு, ஒரு புள்ளைய அதோட வாய்க்கு அனுப்பிருப்பேன்."

இரண்டு நாள் கழித்து மான்கள் பசி தாங்காமல் மறுபடியும் அக்கரைக்குப் போயின. வெள்ளையனை யாரும் கூப்பிடவில்லை. அவனாகவே பின்னால் போனான். மூங்கிலில் உட்காரவில்லை. பேச்சியின் எதிரே, தரையில் இறங்கி நின்றான். பறவைக்குத் தரை பயமான இடம். இருந்தும் நின்றான்.

"மதினி, மூக்காண்டி அண்ணாச்சி இப்ப மருத மரத்துல உக்காந்து, மலையைப் பாத்துக்கிட்டு, வலது கையை நீட்டிச் சொன்னாரு. சிறுத்தை குகைப் பாறையில வெயில் காயுதாம். நான் பறந்து வார நேரம்தான் ஆச்சு, வழியில எந்தப் பூச்சியையும் புடிக்கல. அவரு 'இங்க'ன்னு சொன்னா அது அவரு மரத்தடி, நான் நிக்கிற இடம் இல்ல. சொல்லும்போது அவருக்குக் குரல் நடுங்கல. இடது கையால அக்குளைச் சொறிஞ்சுக்கிட்டிருந்தாரு."

பேச்சிக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. "அக்குளை விட்டுரு தம்பி. அது எங்களுக்கு வேண்டாம்."

"எது வேணும், எது வேண்டாம்னு எனக்கு இன்னும் பிடிபடல மதினி. இப்போதைக்கு எல்லாத்தையும் சொல்லுதேன். நீங்க பாத்து எடுத்துக்கிடுங்க."

பேச்சி மலையைப் பார்த்தாள். குகைப் பாறை வெகு தூரத்தில் இருந்தது. குரல் நடுங்கவில்லை என்றால் சிறுத்தை இப்போது எழுந்து வருவதாகவும் இல்லை. "நீ மேயுடா" என்று கொழுந்திடம் சொன்னாள். அவன் புல்லில் வாய் வைத்தான். அவள் தானும் தலையைக் குனிந்து, காது இரண்டையும் தளர்த்திவிட்டு, நிம்மதியாக மேய்ந்தாள்.

சொன்னவர் யார், எங்கே நின்றார், எதைப் பார்த்துச் சொன்னார் என்பதை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும் சுமந்து போகிறவன், எவ்வளவு உண்மையாகச் சொன்னாலும் கேட்பவரைத் தவறான இடத்தில்தான் கொண்டுபோய் விடுவான்.